கூலி வாங்கிய நாய்களும் பெயர் இழந்த மனிதர்களும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலனி ஆட்சிகள் எந்தெந்த ஆயுதங்களைக் கொண்டு நாடுகளைப் பிடித்தன என்பது இன்றைய பேச்சு. எனக்கு முன் பேசியவர்கள் பீரங்கியைச் சொன்னார்கள், கப்பலைச் சொன்னார்கள், குதிரையைச் சொன்னார்கள். எனக்கு ஒதுக்கப்பட்டிருப்பது நாய். அறிவிப்பைக் கேட்டதும் அரங்கில் சிலர் சிரித்தது என் காதில் விழுந்தது. அதில் தவறில்லை. நாய் என்றதும் நமக்கு வாசலில் படுத்திருக்கும் ஜீவன்தான் நினைவுக்கு வரும். நன்றிக்கு உதாரணம் காட்டுவதும் நாயைத்தான், திட்டுவதற்கு எடுப்பதும் நாயைத்தான். நாட்டைப் பிடிக்க நாயா என்று கேட்பீர்கள்.

பிடித்தார்கள் நேயர்களே. அதுவும் கணக்கெழுதி, பங்கு பிரித்து, கூலி கொடுத்துப் பிடித்தார்கள்.

நம் பள்ளிப் பாடத்தில் 1511 என்ற ஆண்டு வரும். போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றிய ஆண்டு. அதே 1511-இல் உலகத்தின் மறுபக்கத்தில், கரீபியக் கடலில், இன்று போர்ட்டோ ரிக்கோ என்று அழைக்கப்படும் தீவில் தாயினோ மக்கள் ஸ்பானியருக்கு எதிராகக் கிளர்ந்து எழுந்தார்கள். அதை அடக்கப் போன படையில் ஒரு நாய் இருந்தது. அதன் பெயர் பெசெரியோ. செந்நிற உடம்பு, கண்ணுக்குக் கீழே மூஞ்சி கறுப்பு, நடுத்தர உயரம். ஐந்நூறு ஆண்டுகள் கழித்து நான் அதன் நிறத்தை இங்கே சொல்ல முடிகிறது என்றால், அதை அவ்வளவு அக்கறையாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அந்த நாய் கடித்துக் கொன்றவர்களில் ஒருவருடைய பெயரைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. இந்த வேறுபாட்டை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

கப்பலில் வந்த நாய்கள்

கொலம்பஸ் 1492-இல் முதல்முறை போனபோது வழி தேடிப் போனார். 1493-இல் இரண்டாம் முறை 17 கப்பல்களோடு போனபோது குடியேறப் போனார். அந்தக் கப்பல்களில் குதிரை, பன்றி, கரும்பு, கோதுமை விதை எல்லாம் ஏற்றப்பட்டன. போர் நாய்களும் ஏற்றப்பட்டன.

இவை வீட்டு நாய்கள் அல்ல. ஸ்பெயினில் ஆட்டு மந்தையை ஓநாயிடமிருந்து காக்க வளர்த்த மாஸ்டிஃப் வகை ஒன்று. பெரிய தலை, தொங்கும் தாடை, கனத்த உடம்பு. முயல், மான் விரட்டும் கிரேஹவுண்ட் வகை இன்னொன்று. நம் ஊர் சிப்பிப்பாறை நாயைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒல்லி உடம்பும் பாய்ச்சலும் புரியும். இந்த இரண்டின் கலப்பில் வந்தது அலானோ. காட்டுப் பன்றியையும் காளையையும் கவ்விப் பிடித்து, எசமான் வரும்வரை விடாமல் நிறுத்தி வைப்பது அதன் வேலை. நம் தோட்டப்புறங்களில் நாய்களோடு பன்றி வேட்டைக்குப் போனவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஒரு நாய் எப்படிப் பிடிக்கும் என்பதை அவர்கள் நமக்குச் சொல்வார்கள். அந்தப் பிடி மனிதன் மேல் விழுந்தால் என்னவாகும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

கரீபியத் தீவுகளிலும் மெக்சிகோவிலும் நாய் இல்லாமல் இல்லை. இருந்தது. ஆனால் சிறிய நாய். தாயினோ மக்களின் நாய்கள் குரைப்பதில்லை என்று கொலம்பஸே குறித்திருக்கிறார். மெக்சிகோவில் சில வகை நாய்களை உணவுக்காகக் கொழுக்க வைத்தார்கள். அப்படிப்பட்ட மக்களின் முன்னால், இரும்பு முள் பட்டை கட்டிய, இளங்கன்று அளவுள்ள, உரக்கக் குரைக்கும் மிருகம் வந்து நின்றது. கோர்த்தேசின் படை 1519-இல் மெக்சிகோ கரையில் இறங்கியபோது, வேவு பார்த்துத் திரும்பிய தூதர்கள் அரசர் மொக்தெசூமாவிடம் சொன்னவற்றில் நாய்களும் உண்டு. மடிந்த காது, தொங்கும் நாக்கு, நெருப்பு போன்ற மஞ்சள் கண்கள், சிறுத்தையைப் போலப் புள்ளிகள் என்று அந்த மக்களின் முதியவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்ததை, அவர்கள் மொழியிலேயே ஒரு ஸ்பானியப் பாதிரியார் தொகுத்து வைத்தார்.

1494-இல் ஜமைக்காவில் கரையிறங்கியபோது கொலம்பஸ் தரப்பு ஒரு நாயை அவிழ்த்து விட்டது. அடுத்த ஆண்டு, 1495-இல், இஸ்பானியோலா தீவின் நடுச் சமவெளியில் பெரும் மோதல் நடந்தது. ஸ்பானியர் பக்கம் 200 காலாட்கள், 20 குதிரைகள், 20 நாய்கள். எதிரே பெருந்திரளாகத் தாயினோ மக்கள். உடம்பில் கவசம் இல்லை, கையில் இரும்பு இல்லை. நாய்களின் மூர்க்கம் அன்று அந்தத் தீவு முழுவதும் பரவிய செய்தியானது.

நாய் எதற்காக இவ்வளவு தேவைப்பட்டது? குதிரை சமவெளியில் ராஜா. அடர்ந்த காட்டுக்குள் அது தடுமாறும். அந்தக் காலத் துப்பாக்கி மழையில் நனைந்தால் வெறும் தடி. நாய்க்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. இரவில் மோப்பம் பிடிக்கும், பதுங்கியிருப்பவரைக் காட்டிக்கொடுக்கும், தூங்கும் படைக்குக் காவல் இருக்கும், தப்பி ஓடும் அடிமையைத் துரத்திப் பிடிக்கும். சண்டை ஓய்ந்த பிறகுதான் அதன் முக்கிய வேலையே ஆரம்பமானது. தங்கம் தோண்டவும் நிலம் உழவும் ஆள் வேண்டும். ஆள் காட்டுக்குள் ஓடினால் யார் பிடித்து வருவது?

ஒரு விளையாட்டுச் சொல்

எல்லாம் திட்டமிட்டுத்தான் நடந்தது என்று நினைக்காதீர்கள். இஸ்பானியோலாவின் கிழக்கு முனையை ஒட்டி சவோனா என்று ஒரு சிறு தீவு. 1502 வாக்கில், மரவள்ளி ரொட்டி ஏற்றிச் செல்ல ஸ்பானியர் சிலர் படகில் வந்தார்கள். அந்த ஊர்த் தலைவர் கையில் ஒரு கோலை வைத்துக்கொண்டு, சுமை தூக்குபவர்களைச் சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்டிக்கொண்டிருந்தார். ஒரு ஸ்பானியன் கையில் கயிற்றோடு நாய் இருந்தது. கோல் அசைவதைப் பார்த்து நாய் துடிக்கிறது. பக்கத்தில் நின்றவன் வேடிக்கைக்காக, இவன்மேல் விட்டால் எப்படி இருக்கும் என்கிறான். கயிற்றைப் பிடித்தவனும் வேடிக்கைக்காக, பிடி என்று ஒரு சொல் சொல்கிறான். நாய்க்கு வேடிக்கை தெரியுமா? கயிற்றை இழுத்துக்கொண்டு பாய்ந்து தலைவரின் வயிற்றைக் கிழித்துவிட்டது. அவர் இறந்து போனார். ஸ்பானியர் ரொட்டியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

பிறகு அந்தப் பக்கம் வந்த எட்டு ஸ்பானியர்களை மக்கள் கொன்றார்கள். உடனே கலகம் என்று பெயர் சூட்டி ஆளுநர் ஒவாண்டோ படை அனுப்பினார். இகுவேய் என்ற அந்த மாநிலமே அழிக்கப்பட்டது. மக்களுக்குத் தலைமை தாங்கிய கோத்துபனாமா பிடிபட்டுச் சாந்தோ தொமிங்கோவில் தூக்கிலிடப்பட்டார். இதை எழுதியவர் பார்த்தலோமே தெ லாஸ் காசாஸ். 1502-இல் அந்தத் தீவுக்குக் குடியேறியாக வந்தவர், தாமும் ஆள்களை வைத்து வேலை வாங்கியவர், பின்னர் மனம் மாறி அந்த மக்களுக்காக வாழ்நாளெல்லாம் வழக்காடிய பாதிரியார்.

லாஸ் காசாஸ் மிகைப்படுத்தி எழுதுபவர் என்ற குற்றச்சாட்டு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. எண்ணிக்கை விஷயத்தில் அது ஓரளவு உண்மைதான். இலட்சங்களை அவர் தாராளமாக அள்ளி வீசுவார். ஆனால் நாய் விஷயத்தில் அவரை மட்டும் நம்ப வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. கொன்சாலோ பெர்னாண்டெஸ் தெ ஒவியேதோ என்று இன்னொருவர் இருந்தார். அரசாங்க அதிகாரி, தங்கம் உருக்குவதைக் கண்காணிக்கும் பொறுப்பில் 1514-இல் பனாமாவுக்கு வந்தவர். லாஸ் காசாசுக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது. இந்த மக்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல அவருக்கு மனமும் வராது. அந்த ஒவியேதோவும் அதே கொடுமைகளை எழுதுகிறார். ஒருவர் கண்ணீரோடு எழுதுகிறார், மற்றவர் கணக்கெழுதுவது போல எழுதுகிறார். எதிரிகள் இருவர் ஒரே சாட்சி சொன்னால் எந்த நீதிமன்றமும் அதைத் தள்ளாது.

ஸ்பானிய மொழியில் இதற்கென்று ஒரு வினைச்சொல்லே உண்டு. அபெர்ரேயார். நாயை ஏவிக் கடித்துக் குதறவிட்டுக் கொல்வது என்று பொருள். இந்த நாடுகளுக்கு வராத வாசகர்களுக்காக ஒவியேதோ அதற்கு விளக்கமும் எழுதினார். ஒரு செயலுக்குத் தனியாக ஒரு சொல் புழங்குகிறது என்றால், அது எத்தனை முறை நடந்திருக்க வேண்டும்!

சம்பளமும் பங்கும்

இப்போது பெசெரியோவுக்கு வருகிறேன். அதன் எசமானர் ஹுவான் போன்சே தெ லியோன். பிற்காலத்தில் புளோரிடாவில் இறங்கிய அதே மனிதர்தான். நள்ளிரவில் 200 பேருக்கு நடுவே தப்பி ஒளிந்த ஒருவரைக்கூட அந்த நாய் கண்டுபிடிக்கும். கையைக் கவ்வி இழுத்து வரும். அமைதியாக வந்தால் ஒன்றும் செய்யாது, திமிறினால் கிழித்துவிடும். நாய் இல்லாத நூறு பேரைவிட நாயோடு இருக்கும் பத்துப் பேர் பயமில்லாமல் இருந்தார்கள் என்பது ஒவியேதோ தரும் செய்தி. இதற்காகக் கொள்ளையில் அந்த நாய்க்கு ஒரு வில்லாளிக்கு உரிய ஒன்றரைப் பங்கு கொடுக்கப்பட்டது. வாங்கிக்கொண்டவர் எசமானர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நாயைப் பற்றிய ஒரு சம்பவம் எழுத்தில் இருக்கிறது. ஒரு மோதல் முடிந்த பிறகு, தியேகோ தெ சாலசார் என்ற தளபதி பிடிபட்ட ஒரு கிழவியைக் கூப்பிட்டார். கையில் ஒரு கடிதம் கொடுத்து, சற்றுத் தொலைவில் இருக்கும் ஆளுநரிடம் கொண்டுபோய்க் கொடு என்றார். விடுதலை கிடைத்துவிட்டது என்று அவள் மகிழ்ச்சியோடு நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் பெசெரியோவை அவிழ்த்து விட்டார்கள். கடிதம் வெறும் சாக்கு. ஒரு பொழுதுபோக்குக்காக நடத்தப்பட்ட ஏற்பாடு அது. நாய் பாய்ந்து வருவதைப் பார்த்தவள் ஓடவில்லை. தரையில் உட்கார்ந்தாள். தன் மொழியில் நாயிடம் பேசினாள். ஐயா என்று மரியாதையாக அழைத்து, கடிதத்தைக் காட்டி, உங்கள் எசமானர் கடிதத்தைத்தான் கொண்டுபோகிறேன், என்னை ஒன்றும் செய்யாதீர்கள் என்ற பொருளில் கெஞ்சினாள். நாய் நின்றது. அவளை முகர்ந்து பார்த்தது. காலைத் தூக்கி அவள்மேல் சிறுநீர் கழித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

இந்தச் சம்பவத்தைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நாயின் இரக்கத்தை வியந்து முடித்துவிடுகிறார்கள். ஒவியேதோவும் வியக்கத்தான் வியக்கிறார். எனக்கு வியப்பு வரவில்லை நேயர்களே. தரையில் உட்கார்ந்து பணிந்தவரைக் கடிக்காமல் விடுவது நாயின் இயல்பில் உள்ளதுதான். சுற்றி நின்று வேடிக்கை பார்த்தவர்களின் இயல்பு என்ன என்பதே என் கேள்வி. அதோடு, அந்தக் கிழவியின் பெயர் எழுதப்படவில்லை. தளபதியின் பெயர் இருக்கிறது, நாயின் பெயர் இருக்கிறது. கடிதம் சுமந்தவள் வெறும் கிழவி.

1514-இல், பகைவரைத் துரத்திக்கொண்டு தண்ணீரில் நீந்தியபோது விஷ அம்பு பட்டு பெசெரியோ செத்தது. அதன் வாரிசு லியோன்சிகோ அதற்கு முன்பே பனாமாவில் பெயர் வாங்கியிருந்தது. எசமானர் வாஸ்கோ நூன்யெஸ் தெ பால்போவா. 1513 செப்டம்பர் 25-ஆம் தேதி பனாமா மலை உச்சியிலிருந்து பசிபிக் பெருங்கடலை முதலில் கண்ட ஐரோப்பியர் என்று புகழப்படுபவர். அந்தப் பயணத்தில் லியோன்சிகோவும் உடன் இருந்தது. அந்த நாய் தன் எசமானருக்குச் சம்பாதித்துக் கொடுத்தது 2,000 பொன் பெசோவுக்கு மேல் என்று ஒவியேதோ கணக்கு வைத்திருக்கிறார். அவருடைய வேலையே தங்கக் கணக்குத்தானே! நாய் விற்ற காசு குரைக்காது என்று நாம் சொல்வோம். மனிதரைக் கடித்த நாய் ஈட்டிய பொன்னும் குரைக்கவில்லை. உருக்கி, முத்திரை குத்தி, ஐந்தில் ஒரு பங்கு அரசருக்கு எடுத்து வைத்தார்கள்.

கடலைப் பார்ப்பதற்குச் சற்று முன் குவாரேக்குவா என்ற ஊரில் பால்போவாவின் ஆட்கள் நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றார்கள். அதன் பிறகு, பெண் உடை தரித்திருந்தார்கள், ஆணோடு ஆண் உறவு கொண்டார்கள் என்று குற்றம் சாட்டி நாற்பது பேரை நாய்களுக்கு இரையாக்கினார்கள். சண்டையில் செத்தவர்கள் அல்ல இவர்கள், தண்டனை என்ற பெயரில் கொல்லப்பட்டவர்கள். பால்போவாவின் முடிவும் நல்லதாக இல்லை. லியோன்சிகோவை யாரோ விஷம் வைத்துக் கொன்றார்கள். 1519-இல் பால்போவாவின் தலையைச் சொந்த மாமனார் முறையில் இருந்த ஆளுநர் பெத்ராரியாஸ் வெட்டச் செய்தார்.

அந்தப் பெத்ராரியாஸ் பின்னர் நிக்கராகுவாவின் ஆளுநரானார். 1528 ஜூனில் லியோன் நகரத் திடலில் அவர் நடத்தியது என்னவென்று சொல்ல நாக்கு கூசுகிறது. ஸ்பானியர்களைக் கொன்றதாகப் பிடிபட்டவர்கள் பதினேழு பதினெட்டு பேர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கம்பைக் கொடுத்து, உன்னைக் காத்துக்கொள் என்றார்கள். முதலில் பயிற்சிக்காக இளம் நாய்களை விட்டார்கள். கம்பால் அவற்றை விரட்டியவுடன், தப்பித்தோம் என்று அந்த மனிதர் நினைப்பார். அப்போது தேர்ந்த பெரிய நாய்களை அவிழ்ப்பார்கள். ஒவியேதோ அந்தக் காலத்தில் நிக்கராகுவாவில்தான் இருந்தார்.

சட்டம் என்ன செய்தது?

சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. 1511 டிசம்பரில் அந்தோனியோ தெ மொந்தெசினோஸ் என்ற தொமினிக்கன் துறவி, சாந்தோ தொமிங்கோ தேவாலயத்தில் ஸ்பானியர்களை நேருக்கு நேர் நிறுத்திக் கேட்டார், இவர்கள் மனிதர்கள் இல்லையா என்று. அதன் எதிரொலியாக 1512 டிசம்பரில் புர்கோஸ் சட்டங்கள் வந்தன. அதில் ஒரு விதி, பழங்குடி மக்கள் யாரையும் கம்பால் அடிக்கக்கூடாது, சாட்டையால் அடிக்கக்கூடாது, நாய் என்று அழைக்கக்கூடாது என்கிறது. ஆம் நேயர்களே, நாய் என்று திட்டக்கூடாது என்று மன்னர் கையெழுத்திட்ட சட்டம்! சட்டம் வந்த அடுத்த ஆண்டுதான் குவாரேக்குவா நடந்தது. நாய் என்று வாயால் சொல்லத் தடை இருந்தது. நாயை மேலே விடத் தடை இருந்ததாகத் தெரியவில்லை.

நாய்கள்தாம் அமெரிக்காவை வென்றன என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். பெரியம்மை கொன்றவர்களின் எண்ணிக்கைக்கு முன்னால் நாய் கொன்றது மிகச் சிறிது. மெக்சிகோ நகரம் 1521-இல் விழுந்ததற்கு தலாஸ்கலா மக்கள் போன்ற உள்ளூர்க் கூட்டாளிகள் ஆயிரக்கணக்கில் கோர்த்தேசோடு நின்றது பெரிய காரணம். நாயின் பங்கு பயத்தை விதைத்தது. ஒருவரைத் திடலில் குதறவிட்டால் பத்து ஊர் அடங்கும் என்பது அவர்கள் கணக்கு. நாய்கள் மனித மாமிசத்துக்குப் பழக்கப்படுத்தப்பட்டன என்றும், படைகள் செல்லும் வழியில் அதற்கென்றே சங்கிலியிட்ட மனிதர்கள் ஓட்டிச் செல்லப்பட்டார்கள் என்றும் லாஸ் காசாஸ் 1552-இல் அச்சிட்ட நூலில் எழுதினார்.

அந்த நாய்களின் கதியும் சொல்லத்தக்கது. 1541-இல் பிரான்சிஸ்கோ பிசாரோவின் தம்பி கொன்சாலோ பிசாரோ, லவங்கப்பட்டை விளையும் நாட்டைத் தேடி கீத்தோவிலிருந்து ஆண்டீஸ் மலை தாண்டினார். நூற்றுக்கணக்கான நாய்கள் உடன் சென்றன. லவங்க மரங்கள் நிறைந்த நாடு எங்கே என்று தெரியாது என்று சொன்ன மக்களை அந்த நாய்களிடம் விட்டார். காட்டில் உணவு தீர்ந்தது. பசி தாங்காமல் குதிரைகளைத் தின்றார்கள், நாய்களையும் ஒவ்வொன்றாகத் தின்றார்கள். திரும்பி வந்தபோது ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஸ்பானியரின் கொடுமையை உலகமெங்கும் படமாகப் பரப்பியவர்கள் அவர்களின் போட்டியாளர்கள். தெயோதோர் தெ ப்ரீ என்ற செப்புத்தகட்டு ஓவியர் குவாரேக்குவா காட்சியை வரைந்தார். அவர் அமெரிக்காவைக் கண்ணால் கண்டவர் அல்லர். டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் இந்தப் புத்தகங்களைக் காட்டி, பாருங்கள் ஸ்பானியர் எவ்வளவு கொடியவர்கள் என்றார்கள். அதே ஆங்கிலேயர் 1795-இல் ஜமைக்காவில், அடிமைத்தளையிலிருந்து தப்பி மலையில் வாழ்ந்த மரூன் மக்களை அடக்க, ஸ்பானியக் கியூபாவிலிருந்து நூறு நாய்களையும் அவற்றை ஓட்டும் நாற்பது ஆட்களையும் தருவித்தார்கள். நாய்கள் வந்து இறங்கிய செய்தியே போதுமானதாக இருந்தது. சரணடைந்தவர்களைக் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கு நாடு கடத்தினார்கள். 1803-இல் பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போ ஹைத்தியில் கியூபா நாய்களை இறக்கினார். 1840-இல் அமெரிக்க இராணுவமும் புளோரிடாவில் செமினோல் மக்களைப் பிடிக்க அதே கியூபாவிலிருந்து வாங்கிவந்த நாய்களைப் பயன்படுத்திப் பார்த்தது. ஆகவே இதை ஒரு நாட்டின் இரத்தத்தில் ஊறிய குணம் என்று சொல்லிவிட்டு நாம் எழுந்து போக முடியாது. வாங்குவதற்கு ஆள் இருந்தார்கள், விற்பதற்கும் ஆள் இருந்தார்கள்.

கடைசியாக ஒன்று. பெயர்கள் இல்லை என்று இவ்வளவு நேரம் சொன்னேன். ஓர் இடத்தில் இருக்கின்றன. பாரிசில் பிரான்சின் தேசிய நூலகத்தில், மெக்சிகோவைச் சேர்ந்த 16-ஆம் நூற்றாண்டுத் தாள் ஒன்று பாதுகாக்கப்படுகிறது. வரைந்தவர் ஸ்பானியர் அல்லர், அந்த மண்ணின் ஓவியர். கோயோவாகான் என்ற ஊரில் நடந்த தண்டனை அதில் தெரிகிறது. கோர்த்தேஸ் நிற்கிறார், அவருடைய மொழிபெயர்ப்பாளர் மரீனா கையில் செபமாலையோடு நிற்கிறார். நடுவில் ஒரு ஸ்பானியன் சங்கிலியைத் தளரவிட, பெரிய நாய் சோலூலா நகரத்துக் கோயில் குரு ஒருவரின் தொண்டையைக் கவ்வியிருக்கிறது. கீழே, அவருக்குப் பின் தங்கள் முறைக்காகக் காத்திருக்கும் ஆறு பிரமுகர்கள், ஒரே சங்கிலியில். அவர்கள் ஒவ்வொருவருடைய பெயரையும் அவர்களின் நாவாட்டில் மொழியில் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தத் தாளில் நாய்க்குப் பெயர் இல்லை.